மடிக்கணினியின் உஷ்ணமும் அதனைத் தணிக்கும் வகையும்

சென்ற கோடை விடுமுறைக்கு முந்திய வாரங்களில் நம் விடுதியில் நேர்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. இறுதி வகுப்பு மாணாக்கர் ஒருவர், தம் தந்தையார் நகையை ஈடு வைத்து வாங்கிக் கொடுத்த மடிக்கணினியைக் கையிலேந்தி, முகம் வாடி நம் அறை வாயிலில் வந்து நின்றார். அது விளையாட்டிற்கென்றே வலிமை மிகுத்துச் செய்யப்பட்டு, கடைவீதியில் 'கேமிங் லேப்டாப்' என வழங்கும் வகையைச் சேர்ந்தது. மாலை வேளைகளில் அவர் அதில் விளையாடியதும் உண்டு. அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும், பரீட்சையின் பொருட்டு அவர் சமர்ப்பிக்க வேண்டியிருந்த முப்பரிமாணச் சித்திர வேலை முழுவதும் அதன்கண்ணேயே நடந்து வந்தது. சில நாட்களாக அவ்யந்திரம் பத்து நிமிஷம் உழைத்தவுடன் வேகம் குன்றும்; விசிறி ஊளையிடும்; சில சமயம் யாதொரு முன்னறிவிப்புமின்றித் தானே அணைந்துவிடும். பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டியபோது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டுமென்றும், 30,000 ரூபாய்க்குக் குறையாதென்றும் கூறிவிட்டனர். அத்தொகைக்கு வழியின்மையால், கிடைத்த விலைக்கு அதனை விற்றுவிட அவர் துணிந்திருந்தார்.

நாம் சிலர் பௌதிகம் பயில்வோர். ஆதலின், விற்குமுன் ஒருநாள் பொறுக்கும்படி அவரை வேண்டிக்கொண்டு, மின்தொடர்பை நீக்கி, அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். விசிறிக்கும் அதன் முன்னே நிற்கும் உலோகத் தகட்டு வரிசைக்கும் இடையில், கம்பளித் துணிபோலத் தடித்த தூசிப்படலம் ஒன்று படிந்திருந்தது. மெத்தைப் பஞ்சும், துண்டின் நூலும், தலைமயிரும் ஒருங்கே கலந்து நெய்தாற்போன்ற அதனை இடுக்கியாற் பற்றி இழுத்தபோது ஒரே துண்டாக உரிந்து வந்தது. நோய் அவ்வளவே. தாய்ப்பலகைக்கு யாதொரு குறையும் இல்லை.

இச்செய்தி பரவிய பின்னர் விடுதியிற் பலர் தத்தம் யந்திரங்களைக் கொணரத் தொடங்கினர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே உரைப்பதினும், அறிந்தவற்றை இவ்விதழில் எழுதிவிடுதல் எளிதெனத் தோன்றிற்று.

முதற்கண் இவ்வுஷ்ணம் எங்கிருந்து பிறக்கின்றதென ஆராய்வோம். மடிக்கணினி சுவரிலிருந்து உண்ணும் மின்சாரம் எங்கே போகின்றது? திரையின் ஒளியாகவும், ஒலிபெருக்கியின் ஓசையாகவும், விசிறி தள்ளும் காற்றின் ஓட்டமாகவும் ஒரு சிறு பங்கு வெளியேறுகின்றது. எஞ்சிய பெரும்பங்கு முழுவதும் வெப்பமாகவே மாறுகின்றது. கணக்கிடுதல் என்பது பாரம் தூக்குவது போன்ற வேலையன்று. கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் திறந்து மூடுவதேயாம். அவ்வொவ்வொரு திறப்பிலும் மூடுதலிலும் செலவாகும் சக்தி அனலாகவே முடிகின்றது. சக்தி அழிவதில்லை, உருவம் மாத்திரம் மாறும் என்னும் உண்மையை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கிலேயர் 1840-களில் தம் பரிசோதனைகளால் நிலைநாட்ட உதவியதை முதல் வகுப்பிலேயே படித்திருக்கின்றோம். அதனை இங்கே பொருத்திக்கொள்ள வேண்டும். விளையாட்டு மடிக்கணினி உச்ச நிலையில் உழைக்கும்போது 180 வாட் உண்ணுமாயின், நம் பாட்டனார் காலத்து 60 வாட் குண்டு விளக்குகள் மூன்றினை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு பெட்டிக்குள் அடைத்து எரிப்பதை ஒக்கும். அது சுடவில்லையாயினன்றோ வியப்பு!

இதனால் பெறப்படுவது யாதெனின், உஷ்ணத்தைக் குளிர்விக்கும் உபகரணம் எதுவும் அதனை அழிப்பதில்லை. ஓரிடத்தினின்றும் வேறோரிடத்திற்குச் சுமந்து செல்கின்றது, அத்துணையே. ஆகவே நாம் செய்யக் கூடியவை இரண்டே. ஒன்று, வெப்பம் குறைவாகப் பிறக்கும்படி செய்தல். மற்றொன்று, பிறந்த வெப்பம் தடையின்றி வெளியேறும்படி செய்தல். கடையில் எப்பொருளை எவர் விற்க வந்தாலும், இவ்விரண்டனுள் எதற்கு அது துணை செய்கின்றதென்று கேட்டால் அதன் தரம் விளங்கிவிடும்.

வெப்பம் வெளியேறும் வழியைச் சிறிது விரிவாகக் காண்போம். கற்பார்க்கு இன்பம் பயக்கும் பகுதி இதுவே. சிலிக்கன் சில்லு நகத்தளவே பரப்புள்ளது. அதன்மேல் செப்புத்தகடு ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுணுகி நோக்கின் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். அப்பள்ளங்களிற் காற்று தங்கும். செம்போ, வெப்பத்தைக் கடத்துவதில் காற்றினும் சுமார் 15,000 மடங்கு வல்லது. ஆதலின் அக்காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புதற்பொருட்டு ஒருவகைப் பசை தடவுகின்றனர். 'தெர்மல் பேஸ்ட்' என்பது இதுவே. இப்பசை குளிர்விப்பதில்லை, காற்றை விலக்குகின்றது. அதனால் அதனை மிகுதியாக அப்பிவிடுதல் பயனற்றது. ஆண்டுகள் சில செல்ல, சூடேறுதலும் ஆறுதலும் மாறிமாறி நிகழ்வதால் பசை உலர்ந்தும் ஓரங்களுக்கு ஒதுங்கியும் போகும். தூசி நீக்கியும் சூடு தணியாத பழைய யந்திரங்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுவே.

செப்புத்தகட்டினின்றும் வெப்பத்தை ஓரத்திலுள்ள தகட்டு வரிசைக்குக் கொண்டு செல்வன, சுண்டுவிரலினும் மெலிந்த, தட்டையான குழாய்கள். இவற்றை வெறும் செப்புக் கம்பியென்றே பலர் எண்ணுகின்றனர். அன்று, அவை உள்ளே வெறுமையானவை. காற்றை நீக்கிவிட்டுச் சில துளி நீரை இட்டு இருபுறமும் அடைத்துள்ளனர். 1942-இல் அமெரிக்கப் பொறிவல்லுநர் கௌக்லர் என்பவர் இவ்வமைப்பிற்கு உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். குளிர்பெட்டிக்கென எண்ணிய அது அப்பொழுது பயன்பாட்டிற்கு வரவில்லை. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிச் சாலையில் ஜார்ஜ் குரோவர் என்பார் அவரை அறியாமல் தாமே அதனைக் கண்டு செய்து காட்டிய பின்னரே உலகில் வழங்கலாயிற்று. விண்கலங்களுக்கெனக் கருதப்பட்ட அக்கருவி இன்று நம் மேஜைமீது இருக்கின்றது.

அதன் தொழில் மிக அழகியது. கோடைக்கானல் போன்ற மலையூர்களில் காற்றழுத்தம் குறைவாதலின் நீர் 100 டிகிரிக்கு முன்னரே கொதிப்பதும், பருப்பு வேகத் தாமதிப்பதும் நாம் அறிந்தவை. குழாயினுள் காற்றே இல்லாமையால், மிதமான சூட்டிலேயே அந்நீர் ஆவியாகின்றது. 1 கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 1 காலரி போதும். அதே நீரை ஆவியாக்கவோ 500 காலரிக்கு மேல் வேண்டும். இத்துணை வெப்பத்தையும் சில்லின் பக்கத்தில் விழுங்கிக்கொண்டு ஆவி மறுமுனைக்கு விரைகின்றது. ஆங்குக் குளிர்ந்து நீராகும்போது விழுங்கியதை உமிழ்ந்துவிடுகின்றது. பின்னர், குழாயின் உட்சுவரில் ஒட்டியுள்ள நுண்ணிய செப்புத்தூளின் இடுக்குகளினூடே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்நீர் மீண்டும் சில்லின் பக்கம் திரும்புகின்றது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் இயற்கையும் இதுவே. பானையின் ஆவி வெளியே போய்விடும், இதன் ஆவி உள்ளேயே சுழலும் என்பதுதான் வேற்றுமை. இயங்கும் உறுப்பு எதுவும் இல்லாமையால் இக்குழாய் எளிதிற் பழுதுறுவதில்லை. ஆகவே பழிக்க வேண்டியது இதனையன்று, இதன் முடிவிலுள்ள தகட்டு வரிசையையும் விசிறியையுமே.

அத்தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. அவ்விடுக்கில் ஒரு மயிரிழை சிக்கினால் அதன்மேல் மற்றொன்று சிக்கும். பின்னர் தூசி தானே நெய்துகொள்ளும். காற்றுக்கு வழியில்லையாயின் விசிறி எத்துணைச் சுழன்றும் பயனில்லை. மூடிய கதவின்முன் நின்று கூவுவதை ஒக்கும் அது.

இனி, நம் நாட்டு நிலையைக் கருதி ஒன்று கூறல் வேண்டும். யந்திரம் தன்னைச் சூழ்ந்த காற்றினும் குளிர்ந்ததாக ஒருபோதும் ஆக முடியாது. அக்காற்றின் சூட்டின்மேல் இத்துணை டிகிரி என்றே அதன் சூடு அமையும். குளிரூட்டிய அறையில், 25 டிகிரி சென்டிகிரேட் காற்றில், ஒரு சில்லு 85 டிகிரியில் நிலைபெறுகின்றதெனக் கொள்வோம். உயர்வு 60 டிகிரி. அதே யந்திரத்தை அதே வேலையில், சித்திரை மாதத்தில் 38 டிகிரிக் காற்றுள்ள நம் விடுதி மேல்மாடி அறையில் வைப்பின், 85-உடன் 13 கூடி 98 ஆகிவிடும். சில்லு செய்வோர் பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரிக்குள் ஓர் எல்லை வகுத்திருக்கின்றனர். அவ்வெல்லையைத் தொட்டவுடன் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடின் முற்றும் அணைந்துவிடும். ஆகவே, குளிர்நாட்டிலோ குளிரறையிலோ சோதித்து எழுதப்பட்ட புகழுரைகளை நம்பி வாங்கியவர், மே மாதத்தில் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகின்றார். ஏமாற்றியது கணக்கு. வேகம் குறைதலும் அணைதலும் நோயல்ல. யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. நம் நண்பரின் யந்திரம் 'கெட்டுப்போயிற்று' என்று கடைக்காரர் கருதியது உண்மையில் அது கெடாதிருக்கச் செய்துகொண்ட முயற்சியேயாம்.

நோயறிய ஜுரமானி வேண்டுமன்றோ? சில்லின் சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள, எச்.டபிள்யு.இன்போ என்பது அவற்றுள் ஒன்று. வழக்கமான வேலையையோ விளையாட்டையோ இருபது நிமிஷம் நடத்தி, அறையின் சூட்டையும் சில்லின் சூட்டையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு பரிகாரத்திற்குப் பின்னும் அவ்வாறே குறித்துவரின் எது பலித்தது, எது வீண் என்பது தெளிவாகும். ஒரே நாளில் நான்கு மருந்தையும் கொடுத்துவிட்டு எது குணமாக்கிற்றென்று கேட்போர் நம்மில் மிகுதி.

காசு செலவில்லாத பரிகாரத்தை முதலிற் சொல்வோம். பெரும்பாலான இவ்வகை யந்திரங்கள் அடிப்பக்கத்தாற் காற்றை உறிஞ்சிப் பின்புறத்தாலும் பக்கங்களாலும் வெளிவிடும். மெத்தைமீதோ தலையணைமீதோ மடிமீதோ வைப்பது அதன் மூக்கைப் பொத்துவதாகும். பெயர் மடிக்கணினியாயினும் மடியில் வைத்தற்கு இது உரியதன்று! கெட்டியான மேஜையில் வைத்து, பின்புறத்தை இரண்டு சென்டிமீட்டர் அளவு உயர்த்தினால் உறிஞ்சும் வழி அகலும். நம் விடுதியில் ஒருவர் சோடாப் புட்டி மூடிகளை அடுக்கி உயர்த்தியிருக்கின்றார், நன்றாகவே பலிக்கின்றது. சுவரை ஒட்டி வைத்தலும் ஆகாது. வெளிப்பட்ட அனற்காற்று சுவரில் மோதித் திரும்பி மீண்டும் உள்ளே புகும். ஒரு சாண் இடைவெளி போதும். கூரை விசிறியின் கீழ் அமர்வதும் நன்று. அறையின் காற்றை அது குளிர்விப்பதில்லையாயினும் யந்திரத்தைச் சுற்றித் தேங்கும் அனலைக் கலைத்துவிடும். விசிறி பொருத்திய தாங்கு பலகைகள் கடையில் விற்கப்படுகின்றன. அவற்றால் நன்மை சிறிது உண்டு. அந்நன்மையிற் பெரும்பங்கு உயர்த்தி வைப்பதனாலேயே வருகின்றதென்பது நம் அபிப்பிராயம்.

தூசி நீக்குதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் வேண்டும். சாலையோர அறையாயின் அதனினும் விரைவில். யந்திரத்தை முற்றும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, அடித்தகட்டைக் கழற்றியவுடன் முதல் வேலையாகப் பாட்டரியின் இணைப்பை விடுவித்தல் வேண்டும். விசிறியின் இதழைப் பென்சிலால் அசையாமற் பிடித்துக்கொண்டு, ஊதுபந்தாலோ அழுத்தக் காற்றாலோ சிறிது சிறிதாக ஊதுதல் முறை. பிடிக்காமல் ஊதின் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்று அச்சுக் கெடும். அழுத்தக் காற்றுக் குப்பியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே பிடித்தல் வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவமே பீறிடும். வீட்டுத் தூசியுறிஞ்சியை உள்ளே நுழைப்பது ஆகாது. அதன் குழாயில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடக் கூடும். யந்திரத்திற்கு உத்தரவாதக் காலம் முடியவில்லையாயின், திறப்பதற்குமுன் அதன் விதிகளைப் படித்துக்கொள்க. பசை மாற்றுதலைப் பழகியவரிடம் விடுதலே நன்று. உருகிய உலோகப் பசையென்று ஒன்று புகழப்படுகின்றது. காலியம் என்னும் உலோகக் கலவை அது. வெப்பத்தை நன்கு கடத்தும், மெய்யே. ஆயின் மின்சாரத்தையும் கடத்துமாதலால் ஒரு துளி சிதறினும் தாய்ப்பலகைக்கு ஆபத்து. அலுமினியத்தின்மீது பட்டாலோ அதனை அரித்துவிடும். நாம் அதனைத் தொடுவதில்லை.

வெப்பம் பிறப்பதையே குறைத்தல் இரண்டாவது வழி. இதனைப் பலர் அறியார். விளையாட்டின் காட்சி என்பது விநாடிக்கு இத்தனை படங்கள் என வரையப்படுவது. திரை விநாடிக்கு 60 அல்லது 144 முறையே புதுப்பிக்கப்படுமாயின், சில்லு 200 படம் வரைந்தாலும் மிகுந்தவை வீணே. அவற்றிற்குச் செலவான மின்சாரமோ வீணாகாமல் வெப்பமாகி நம் கையைச் சுடும். எல்லை வகுக்காவிடில், அசையாது நிற்கும் ஒரு பட்டியல் திரையைக்கூடச் சில்லு விநாடிக்கு நூற்றுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டிருக்கும். 2010-இல் 'ஸ்டார்கிராப்ட் 2' என்னும் விளையாட்டு வெளிவந்தபோது, அதன் பட்டியல் திரைகளில் இவ்வாறு நிகழ்ந்து கிராபிக்ஸ் சில்லுகள் மிகச் சூடேறியதும், அதனை வெளியிட்டோர் படங்களுக்கு எல்லை வகுக்கும் இரண்டு வரிகளை அறிவித்ததும் உண்டு. இப்பொழுது பெரும்பாலான விளையாட்டுகளின் அமைப்புப் பகுதியிலேயே அவ்வெல்லை உளது. 60 என்று இடுக. கண்ணுக்குச் சிறிது வேற்றுமை தெரியினும் கோடையில் அதுவே அறிவுடைமை.

பிராசசரைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. சுவிட்சுகள் செலவிடும் மின்சாரம் வேகத்திற்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் அமையும். அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் செலவு 19 சதவீதம் குறையும். வேகத்தையும் அவ்வாறே குறைத்தால் மொத்தம் 27 சதவீதம் குறையும். வேகத்திற் பத்து இழந்து வெப்பத்தில் இருபத்தேழு விடுதலை பெறுதல் நல்ல வாணிகமன்றோ! உச்ச வேகத்தின் கடைசிச் சில படிகளே மிகுந்த விலைக்கு வாங்கப்படுகின்றன. விண்டோஸில் மின்சக்தி அமைப்புகளுள் பிராசசரின் உச்ச நிலை 100 என்றிருப்பதை 99 ஆக்கின், பெரும்பாலான யந்திரங்களில் 'டர்போ' என்னும் மிகைவேகம் நின்றுவிடும். ஒரு சதவீதந்தானே என்று எண்ணற்க. பத்துப் பதினைந்து டிகிரி இறங்கியதை நாமே கண்டோம். மின்னழுத்தத்தை மாத்திரம் தனியே குறைக்கும் வழி முன்னர் எளிதாயிருந்தது. 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்னும் பாதுகாப்புக் குறை வெளியிடப்பட்ட பின்னர், இன்டெல் சில்லுள்ள பல மடிக்கணினிகளில் அவ்வழி அடைக்கப்பட்டுவிட்டது; அது திறந்துள்ள யந்திரத்திலும் சிறிது சிறிதாகவே குறைத்துச் சோதித்தல் வேண்டும்.

பாட்டரியைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. லித்தியம் பாட்டரிக்குப் பகை இரண்டு: சூடும், எப்பொழுதும் முழு நிறைவில் இருத்தலும். விளையாட்டு மடிக்கணினியோ மின்கம்பி மாட்டியவாறே நாள்முழுதும் சூட்டில் இருப்பது. ஆதலின், 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இருப்பின் அதனை இயக்கி வைத்தல் நன்று. தொடுபலகை மேலெழுந்தாலோ அடித்தகடு புடைத்தாலோ பாட்டரி வீங்கிற்றென்று அறிந்து அக்கணமே உபயோகத்தை நிறுத்துதல் வேண்டும். அதனை அமுக்குதலும் குத்துதலும் நெருப்புக்கு இடமாகும்.

இறுதியாக ஒரு விபரீதத்தைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. நனைந்த துண்டை விரித்து அதன்மேல் யந்திரத்தை வைத்தவர் ஒருவரும், பனிக்கட்டிப் பையை விசைப்பலகைமீது வைத்தவர் ஒருவரும் நம் விடுதியில் உளர். குளிர்ந்த சொம்பின் புறத்தே வியர்ப்பதுபோல, நம் ஊர் ஈரக்காற்றிற் குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் துளிர்க்கும். உள்ளே துளிர்ப்பதைக் காண்பார் யார்? நல்வினையால் இருவரும் பொருளிழப்பின்றித் தப்பினர்.

நம் நண்பரின் யந்திரம் தூசி நீக்கிய அன்று மாலை, அதே அறையில் அதே வேலையில், 99 டிகிரியினின்றும் 86 டிகிரிக்கு இறங்கிற்று. அடியை உயர்த்தி மிகைவேகத்தை நிறுத்திய பின் 74 ஆயிற்று. சித்திர வேலையைக் குறித்த நாளுக்கு முந்திய இரவே அவர் முடித்துவிட்டார். நகை இன்னும் மீட்கப்படவில்லையாம். யந்திரம் விற்கப்படவும் இல்லை. உரித்தெடுத்த அத்தூசிப்படலத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டுப் பௌதிகப் பரிசோதனைச் சாலையின் இரண்டாம் அலமாரியில் வைத்திருக்கின்றோம். காண விரும்புவோர் மாலை நான்கு மணிக்குமேல் வரலாம்.